ஏருக்கா, வண்டிக்கா? லேப்டாப் வாங்கிய கதை

இந்த வருஷம் சொர்ணவாரி அறுப்பு முடிந்த கையோடு எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் வாங்கினோம். பாட்டுப் பதிவு செய்வதற்காக. மறைமலை நகருக்கு மேற்கே ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் வைக்கிறவன் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் பற்றி எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் அதிலேயே கிடந்ததில் தெரிந்துகொண்டது கொஞ்சம் இருக்கிறது. நகரத்தில் இருக்கும் உங்களில் யாருக்காவது ஊரில் இருக்கும் பாட்டியின் குரலைப் பிடித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் உதவும்.

வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று தமிழில் மாற்றிக்கொண்டு, 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியவர் பேரில் இருக்கிற ஊர் இது. மடிக்கணினி என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இங்கே பஸ் கண்டக்டரே 'எம்எம் நகர் எறங்கு' என்றுதான் சத்தம் போடுகிறார். நானும் லேப்டாப் என்றே எழுதிவிடுகிறேன். அடிகளார் மன்னிக்கட்டும்.

முதலில், எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் நடவு என்றால் பாட்டுதான். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னாலேயே நகர்ந்து நடுவார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வெயில் ஏற ஏற பாட்டின் ஓட்டமும் மாறும். இப்போது பாதிக் கழனியில் மெஷின் நடவு. மீதிக்கு வடக்கே இருந்து வருகிற பையன்கள் ஒப்பந்தம் பேசி நடுகிறார்கள். நல்லா நடுகிறார்கள், குறை சொல்ல முடியாது. போனில் அவங்க ஊர்ப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பெண்களில் இளையவர்கள் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போய்விடுகிறார்கள். நடவுப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேர் மிச்சம். நாலு பேரில் இளையவருக்கே அறுபத்தெட்டு வயது.

ஐந்து பேராக இருந்தார்கள். போன தையில் ஒருத்தர் போய்விட்டார். ஒரு கழனி முழுக்க நட்டு முடிக்கிற வரைக்கும் நீளுகிற கதைப்பாட்டு ஒன்று அவருக்குத்தான் தெரியும். எங்களிடம் இருப்பது யாரோ வரப்பில் நின்று போனில் எடுத்த நாற்பது விநாடி. அதிலும் அந்தப் போன் பக்கத்தில் கேட்ட குரலை மட்டும் வைத்துக்கொண்டு, தூரத்தில் வாங்கிப் பாடினவர்களைச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி இன்னும் தேய்ந்து, தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி கேட்கிறது.

புத்தகம் இருக்கிறதே என்பீர்கள். நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-லேயே வந்துவிட்டது. அந்த மாதிரிப் பெரியவர்கள் உழைக்காவிட்டால் சொல்லும் மிஞ்சியிருக்காது. ஆனால் தாளில் சொல் நிற்கும், மெட்டு நிற்காது. எங்கே மூச்சு விட்டாள், எந்த இடத்தில் மற்றவர்கள் குரல் வந்து ஏந்திக்கொண்டது என்பதெல்லாம் காதால் கேட்டால்தான் உண்டு.

இதில் என்னைவிடத் துடிப்பாக இருந்தது என் தங்கச்சி மகன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, ஷிப்டு மாறி மாறி. ஆர்மோனியம் வாசிப்பான். ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில்தான் ரெக்கார்டிங்கே கற்றுக்கொண்டான். 2011 செப்டம்பரில் தொடங்கின அந்தத் திட்டம் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பல பேர் வீட்டுக்குக் கம்ப்யூட்டரே வந்திருக்காது. அவனுடையது பத்து வருஷம் உழைத்து ஓய்ந்துவிட்டது. மூன்று டிராக் சேர்ந்து ஓடினாலே திக்கும். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த 55,000 ரூபாய் கையில் இருந்தது. நாலு பேரில் மூத்தவர் அவனுடைய அப்பாவைப் பெற்ற ஆயா. எனக்கு அத்தை முறை. எழுபத்தெட்டு வயது.

"மாமா, ஆயா இருக்கும்போதே எடுத்துடணும். எந்த மெஷின் வாங்கறது சொல்லு" என்று வந்து நின்றான்.

எனக்குத் தெரிந்தது மாடு. மாட்டுச் சந்தையில் நல்ல தரகர் பல்லைப் பார்க்கும் முன், சுழியைப் பார்க்கும் முன், ஒரு கேள்வி கேட்பார்: "ஏருக்கா, வண்டிக்கா?" சேற்றில் இழுக்கிற மாடு வேறு, ரோட்டில் ஓடுகிற மாடு வேறு. அதைச் சொல்லாமல் விலை பேசுகிறவனுக்கு விற்கிறவன் எதையும் கட்டிவிடுவான்.

ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். "மியூசிக் ரெக்கார்டிங்" என்றதும் அந்தத் தம்பி நேராகக் கேமிங் லேப்டாப்பைக் காட்டினார். 85,000. கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரிந்தது. மிச்சப் பணத்துக்குத் தவணை போட்டுத் தருகிறேன் என்றார். நாங்கள் என்ன பதிவு செய்யப் போகிறோம், எத்தனை மைக், எங்கே வைத்து என்று அவர் கேட்கவே இல்லை. வந்துவிட்டோம். அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தோம்.

பாட்டு வேலையிலும் ஏரும் வண்டியும் உண்டு. ஒன்று, பாடுகிற குரலை மைக்கில் வாங்கி அப்படியே எழுதி வைப்பது. இன்னொன்று, கம்ப்யூட்டருக்குள்ளேயே வயலின், தபலா, டிரம்ஸ் எல்லாம் வைத்துக்கொண்டு பாட்டு கட்டுவது. இரண்டையும் ஒரே சாஃப்ட்வேர் செய்யும். ஆனால் மெஷினுக்குக் கொடுக்கிற சுமை வேறு வேறு.

மருமகன் ரஹ்மானை இழுத்தான். "அவரும் வீட்டுல ஸ்டுடியோ போட்டுத்தானே ஆரம்பிச்சாரு?" உண்மைதான். 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைத் தொடங்கினார், 1992-ல் ரோஜா வந்தது. அதற்கும் முன்னே 1986-ல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா சீக்வென்சர் வைத்து இசை செய்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எவ்வளவு பெரியது என்று தேடினால் சிரிப்பு வருகிறது. மிடி என்ற முறை 1983-ல் வந்தது. 1985-ல் வந்த அட்டாரி எஸ்டி என்ற கம்ப்யூட்டரில் மிடி வயர் சொருகுகிற துளை கூடவே இருந்ததால் உலகம் முழுக்க இசைக்காரர்கள் அதை வாங்கினார்கள். அதில் ஒரு மாடலுக்கு நினைவகம் ஒரு எம்பி! எப்படிப் போதியது என்றால், மிடியில் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். சத்தம் தருவது வெளியே இருக்கிற கீபோர்டு. பாடகர் குரல் டேப்பில் போகும். இன்று அந்தக் கீபோர்டு, டேப் எல்லாமே லேப்டாப்புக்குள் வந்துவிட்டன. வயலின் ஒவ்வொரு சுரத்தையும் நிஜமாக வாசித்துப் பதிந்த சாம்பிள்களை ராமில் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. சினிமாவுக்கு ஆர்கெஸ்ட்ரா கட்டுகிறவர் 32, 64 ஜிபி ராம் கேட்பது அதனால்தான்.

எங்கள் வேலை அது இல்லை. குரலுக்கு எவ்வளவு வேண்டும் என்று விதைக்கணக்கு போடுகிற மாதிரி போட்டுப் பார்த்தோம். விநாடிக்கு 48,000 தடவை, ஒவ்வொரு தடவையும் 24 பிட், அதாவது 3 பைட். ஒரு மைக்குக்கு நிமிஷத்துக்கு 8.64 எம்பி. மணிக்கு 518 எம்பி. எடுத்துக்கொடுக்கிறவருக்கு ஒரு மைக், வாங்கிப் பாடுகிறவர்களுக்கு ஒரு மைக். ஆக ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி. விடிய விடிய எட்டு மணி நேரம் கூத்து நடந்தாலும் எட்டு ஜிபிதான். 512 ஜிபி எஸ்எஸ்டியில் ஒரு ஓரத்தில் கிடக்கும். இதற்கு 85,000 எதற்கு?

அடுத்தது தாமதம். இது பாடுகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டபடி கூடப் பாடும்போதுதான் தலைவலி. மைக்கில் வந்த குரலை லேப்டாப் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடையில் சேர்த்து எடுத்துப்போகிறது. அந்தக் கூடைக்கு பஃபர் என்று பெயர். கூடை 1024 என்று வைத்தால் உள்ளே வர 21 மில்லி விநாடி, வெளியே போக 21. சேர்த்து 43. சத்தம் காற்றில் விநாடிக்கு 343 மீட்டர் போகிறது என்ற கணக்கில், அது நடவு வரிசையில் ஐம்பது அடி தள்ளி நிற்கிறவள் குரலைக் கேட்கிற மாதிரி. கூடவே பாட முடியாது, இழுத்துக்கொண்டு போகும். 128 என்று வைத்தால் ஆறடியில் பக்கத்தில் நிற்கிறவள் மாதிரி ஆகிவிடும். ஆனால் சின்னக் கூடையை அடிக்கடி தூக்க வேண்டும். மெஷின் ஒரு தடவை தவறினாலும் படக்கென்று ஒரு சத்தம் பதிவில் விழுந்துவிடும்.

அந்தப் படக் சத்தத்துக்குப் பிராசசர் மட்டும் காரணமில்லை என்பது எங்களுக்குப் புதுசு. பல மெஷினில் வைஃபை டிரைவர்தான் குறுக்கே வந்து நிற்கும். பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்துவிட வேண்டும். லேட்டன்சிமான் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. வாங்கும் முன் அதைப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று காட்டிவிடும். மாட்டை வாங்கும் முன் நடக்கவிட்டுப் பார்க்கிற மாதிரி.

ஆப்பிள் வாங்கச் சொல்லித் தாம்பரத்து நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2020 கடைசியில் வந்த எம்1 சிப்பிலிருந்து மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. மைக்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், ஒரு சத்தம் வராது. கராஜ்பேண்ட் சும்மாவே கிடைக்கும். லாஜிக் வேண்டுமென்றால் ஆப்பிளில்தான் ஓடும். 2002-ல் எமாஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியதும் விண்டோஸ் லாஜிக்கை நிறுத்திவிட்டார்கள். பணம் இருக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். எங்கள் கைக்கு அது எட்டினால் மைக் எட்டாது. அதோடு ராமைப் பின்னால் கூட்டிக்கொள்ளவும் முடியாது.

கடைசியில் ரிச்சி தெரு போனோம். இதில் ஒரு வேடிக்கை. ஸ்ரீபெரும்புதூரில் டெல் கம்பெனி 2007-லிருந்து கம்ப்யூட்டர் செய்கிறது. எங்கள் பிள்ளைகள் பஸ் ஏறி வேலைக்குப் போகிற தூரம்தான். செய்கிற ஊரைச் சுற்றி இருக்கிற நாங்கள், வாங்குவதற்கு ரயிலேறிப் பட்டணம் போகிறோம். நெல் விளைகிற ஊரில் அரிசி கடையில் வாங்குகிற கதைதான்.

அங்கே பெரிய ஆபீஸ்களில் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லேட்டிட்யூட், திங்க்பேட் வகை லேப்டாப்புகள் சுத்தம் பண்ணி விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பல மாடல்களில் அடியைத் திறந்தால் ராம், எஸ்எஸ்டி எல்லாம் கழற்றி மாற்றலாம். பேட்டரி எங்கேயும் கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டியோடு 27,000-க்கு முடித்தோம்.

மிச்சம் 28,000. இரண்டு மைக் சொருகுகிற இன்டர்ஃபேஸ் 9,000. அதோடு வருகிற ஏஎஸ்ஐஓ டிரைவர் இருந்தால்தான் மேலே சொன்ன தாமதம் குறையும். லேப்டாப்பில் இருக்கிற ஆடியோ துளையை நம்பிப் பிரயோஜனமில்லை. மைக் இரண்டு 9,000. கண்டென்சர் மைக் நுட்பமாக வாங்கும் என்றார்கள். அது பக்கத்துத் தெரு நாய் குரைப்பதையும் நுட்பமாக வாங்கும். அதனால் டைனமிக் மைக். ஹெட்போன், ஸ்டாண்டு, வயர் எல்லாம் 6,000. வெளியே வைக்கிற ஹார்டு டிஸ்க் ஒன்று 4,000. சாஃப்ட்வேருக்கு ரீப்பர். வின்ஆம்ப் எழுதினாரே ஜஸ்டின் ஃபிராங்கல், அவர் செய்தது. அறுபது நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் சின்னக் கைகளுக்கு 60 டாலர். பழைய மெஷினிலும் இலேசாக ஓடும். அதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு 2000-லிருந்து இலவசமாகவே கிடைக்கிற ஆடாசிட்டி இருக்கிறது. குரல் மட்டும் பதிய அதுவே போதும்.

லேப்டாப்பை விட்டுவிட்டு இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. சார்ஜர் போட்டதும் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் நின்றுவிடுகிறது. பழைய லேப்டாப் வாங்கினால் பேட்டரி இரண்டு மணி நேரமாவது தாங்குகிறதா பாருங்கள் என்று சொல்வது இதற்குத்தான். கரண்ட் கட் பயமும் இல்லை. அப்புறம், சிமென்ட் ரூமில் குரல் சுவரில் முட்டி எதிரொலிக்கிறது. மாட்டுக்கொட்டகையில் மூன்று பக்கமும் வைக்கோல் கட்டுகளை ஆளுயரம் அடுக்கினோம். சத்தத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒட்டுகிற ஃபோம் செய்கிற வேலையை எங்கள் மாட்டுத் தீனி செய்துவிட்டது. லேப்டாப்பைக் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் வைத்தால் ஃபேன் சத்தமும் வராது. கண்டெய்னர் லாரிச் சத்தம்தான் தடுக்க முடியாதது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் அடங்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரையும் உட்காரவைத்தோம். அன்றைக்கு நடவுக் கூலி என்னவோ அதை ஆளுக்குக் கொடுத்துவிட்டோம். சும்மா பாட வைக்க மனசு வரவில்லை.

பாட்டு வரவில்லை. அத்தை இரண்டு அடி பாடுவார், நிற்பார். மற்றவர்கள் முன்னே பின்னே இடிப்பார்கள். மைக்கைப் பார்த்துப் பயமோ என்று மருமகன் தண்ணீர் கொடுத்தான், டீ கொடுத்தான். கடைசியில் அத்தையே எழுந்துவிட்டார். "இன்னாடா இது, ஒக்காந்துகினு எப்பிட்றா வரும்? குனிஞ்சாதான்டா மூச்சு வரும்." முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையில் நாற்று இருக்கிற மாதிரியே குனிந்தார். மற்ற மூன்று பேரும் பக்கத்தில் வரிசை கட்டினார்கள். மருமகன் ஓடிப்போய் மைக் ஸ்டாண்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கினான்.

கை விழுகிற இடத்தில் தாளம் விழுந்தது. ஒரு நாற்றுக்கும் அடுத்த நாற்றுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அந்தப் பாட்டின் அடி. இத்தனை வருஷம் வரப்பில் நின்று கேட்டவன் நான், அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். நாற்பது நிமிஷம் வந்தது. நடுநடுவே இடுப்பு பிடித்துக்கொண்டு நின்றதும் சிரித்ததும் எல்லாம் பதிவில் இருக்கிறது. எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போனவருடைய கதைப்பாட்டில் இருந்தும் எட்டு அடி அத்தைக்கு நினைவில் இருந்தது. எட்டே எட்டு.

மருமகனுக்கு இதன் மேல் டிரம்ஸ் போட்டு ஒரு பாட்டாக ஆக்க ஆசை. காண்ட்ராக்ட் எப்போது முடியும் என்று தெரியாதவனுக்குக் கையில் இன்னொரு தொழில் வேண்டாமா? நான் தடுக்கவில்லை. வெறுங்குரல் பதிவை ஒரு கை படாமல் தனியாக வைக்க வேண்டும், டிரம்ஸ் போடுவதென்றால் நகல் எடுத்து அதில் போட வேண்டும், வெளியே விடும் முன் நாலு பேரும் கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டான். கோப்பின் பெயரிலேயே பாடியவர்கள் பெயர், ஊர், தேதி போட்டு வைத்திருக்கிறான். ஒரு நகல் லேப்டாப்பில், ஒன்று ஹார்டு டிஸ்க்கில், ஒன்று செங்கல்பட்டில் இருக்கிற என் மகள் வீட்டில்.

ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சுக்காரர் 1938-ல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் மக்கள் பாடியதைப் பதிவு செய்தார். அந்தக் காலத்துக் கருவியை வண்டியில் ஏற்றி இறக்கியே அவர் இடுப்பு ஒடிந்திருக்கும். 1984-ல் நசீர் ஜெயராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பி வந்து, என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடினார்கள். பதிவு இருந்ததால்தான் தேட முடிந்தது. எங்கள் ஊரைத் தேடி ஐம்பது வருஷம் கழித்து யார் வருவார்கள் என்று தெரியாது. வந்தால் நாற்பது நிமிஷமாவது இருக்கும்.

நாலு பேரில் இன்னொருவருக்குத் தாலாட்டு நிறையத் தெரியும். அவர் இப்போது மதுராந்தகத்தில் பேத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வர ஒரு மாதம் ஆகுமாம். "அதுக்குள்ள போயிட்டு வந்துடலாமா மாமா? லேப்டாப்ப பையில போட்டா பஸ்ஸுலயே எடுத்தும் போய்டலாம்" என்கிறான் மருமகன். வருகிற ஞாயிறு அவனுக்கு நைட் ஷிப்டு. தூங்கி எழுந்ததும் கிளம்புகிறோம்.